மழைநாட்டில் ஆவாரை: தோட்டக்கலைக் கேள்வி பதில்

சென்ற இதழில், பொங்கலுக்கு ஆவாரம்பூவும் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டில் கட்டும் காப்புக்கட்டைப் பற்றி எழுதியபோது, ஆவாரம்பூவைச் செடியிலிருந்து பறிக்க வழியில்லாமல் காய்ந்த பூவைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பற்றியதாகவே இருப்பதால், மற்றச் செடிகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இம்முறை ஆவாரைக்கு மட்டும் இடம் தருகிறேன்.

கேள்வி: ஐயா, என் மாமியார் மதுரைப் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய ஆசைக்காக மூன்று முறை ஆவாரை விதை முளைக்க வைத்தேன். நர்சரியில் வாங்கிய நல்ல கருமண்ணில் கோழி எரு கலந்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சாண் உயரம் வந்ததும் இலை மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து, மூன்று முறையும் செத்துப்போயின. என் பராமரிப்பில் என்ன குறை? (வாசகி, செராஸ், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, உங்கள் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை, அது ரோஜாவுக்கு உரிய பராமரிப்பு, அவ்வளவுதான். ஆவாரை வறண்ட நிலத்துப் புதர்ச்செடி. தமிழகத்திலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும், உழாத மேட்டிலும் ரயில் பாதையின் ஓரத்திலும் கல்லும் சரளையுமாகக் கிடக்கும் பொறம்போக்கிலும் யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் தானே வளர்ந்து ஆண்டின் பெரும்பகுதி பூத்துக் கிடக்கும். ஆடுமாடுகளும் அதை விரும்பித் தின்பதில்லை. தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் பெய்வதோ 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். வானமே இரண்டரை மடங்கு நீரை ஊற்றும் ஊரில், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கருமண்ணில் செடியை நிறுத்தி, அதற்கு மேல் இரண்டு வேளையும் நாம் நீர் ஊற்றினால், வேருக்கு மூச்சுவிட இடமில்லாமல் போகிறது. அடித்தண்டு கறுப்பது ஈரத்தில் பெருகும் பூஞ்சணத்தின் வேலை. இலை மஞ்சளாவதைப் பார்த்துச் செடிக்குத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவோம். அத்துடன் கதை முடிந்துவிடும். பினாங்கில் நான் கொன்ற முதல் நான்கு செடிகளும் இப்படியே போயின என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

செடியை முதலில் மண்ணிலிருந்து காப்பாற்ற வேண்டும். பருமணல் இரண்டு பங்கு, சாதாரணச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலையுரம் அரைப்பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். உடைந்த செங்கல் துண்டுகள் கிடைத்தால் ஒரு சிறு தட்டளவு சேர்க்கலாம். நம் செம்மண் இயல்பாகவே புளிப்பானது, ஆவாரை பழகிய மண்ணோ பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து உள்ளது. ஆகவே முழங்கை அகலத் தொட்டி ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, இரண்டு வாரம் ஆறப்போட்ட பிறகு நடுங்கள். கோழி எரு வேண்டவே வேண்டாம். அது இலையைத் தழைக்க வைக்கும், தண்டை இளக்கும், பூவைத் தள்ளிப்போடும். பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சுட்ட மண்தொட்டி நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். தொட்டியை இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள்: தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வது ஒருபுறம் இருக்க, ஏடிஸ் கொசு முட்டையிட இடம் கொடுத்ததற்காக 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் கட்ட நேரிடும்.

அடுத்தது இடம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். அதே சமயம் மாலை மழை நேராகத் தலையில் கொட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது கடினம் என்பதை அறிவேன். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கார் நிறுத்தும் கூரையின் விளிம்பு, கிழக்கு நோக்கியதாக இருந்தால், காலை வெயிலைக் கொடுத்து மாலை மழையைத் தடுக்கும்; நான் பார்த்தவரையில் நன்றாக வளர்ந்த செடிகள் அங்கேதான் நின்றன. நீரைப் பொறுத்தவரை, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டுப்பட்டால் பூவாளியைக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் மாமியார், பாவம், செடியைப் பட்டினி போடுகிறாயே என்று கடிந்துகொள்ளலாம். மதுரைப் பக்கத்துச் சாலையோர ஆவாரைக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: ஐம்பது விதை ஊன்றியும் இரண்டுதான் முளைத்தன. விதை பழையதா, ஏமாற்றமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: விதை பழையதாக இருக்க வேண்டியதில்லை. ஆவாரை விதையின் தோல் நீர் புகாத அளவுக்குக் கடினமானது. ஒரு மழைக்கு எல்லா விதைகளும் முளைத்து, அடுத்த வாரமே வறட்சி வந்து எல்லாமும் சாகாமல், சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டும் முளைக்கட்டும் என்பது வறண்ட நிலத்துச் செடியின் ஏற்பாடு. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, விதைகளின் மேல் ஊற்றி, இரவு முழுவதும் அப்படியே ஊறவிடுங்கள். கொதிக்கும் பானையிலேயே விதையைப் போட்டுவிடாதீர்கள். அது அவித்த பயறாகிவிடும். காலையில் பருத்திருக்கும் விதைகளை எடுத்து ஊன்றுங்கள். பருக்காதவற்றை உப்புத்தாளில் நான்கைந்து முறை தேய்த்து, அல்லது நகவெட்டியால் தோலில் சிறு கீறல் கொடுத்து, மறுபடி ஊறவையுங்கள். கீறும்போது விதையின் காம்பு ஒட்டியிருந்த முனையைத் தொடக் கூடாது. முளைக்கரு அங்கே இருக்கிறது.

ஒரு விரற்கணுவுக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒன்றிரண்டு வாரங்களில் முளைத்துவிடும். ஆணிவேர் வேகமாக இறங்கும் செடி என்பதால், நாற்றுத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே மூன்று விதை ஊன்றி, வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவது நல்லது.

கேள்வி: பெட்டாலிங் ஜெயா சாலைகளில் மஞ்சள் பூப் பூக்கும் சிறுமரங்களை என் தந்தை ஆவாரை என்கிறார். நான் இல்லை என்கிறேன். வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது. (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: உங்கள் தந்தையைக் குறை சொல்ல மாட்டேன், பூவை மட்டும் பார்த்தால் எவரும் ஏமாறுவர். நம் நகரங்களில் ஆவாரைக்கு நெருங்கிய உறவினர்கள் பலர் இருக்கிறார்கள். சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் ஆளுயரத்துக்குச் சற்று மேலாக வளர்ந்து கொத்துக் கொத்தாக மஞ்சள் பூக்கும் சிறுமரம் பெரும்பாலும் சென்னா சுரட்டென்சிஸ். ‘ஜொஹார்’ என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் பெருமரம் மஞ்சள் கொன்றை. ஈரமான வெற்று நிலத்தில் மெழுகுவத்தி போல நிமிர்ந்த பூங்கொத்துடன் நிற்பது சீமை அகத்தி; அதை மலாய்க்காரர்கள் ‘கெலெங்காங்’ என்பர், அதன் இலையை நம்மவர்களும் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவர். சரஞ்சரமாகத் தொங்கினால் அது சரக்கொன்றை, அதில் யாருக்கும் ஐயம் வராது.

ஆவாரையை அடையாளம் காணப் பூவை விட்டுவிட்டு இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். அங்கே காம்பின் இருபுறமும் பச்சை நிறத்தில், மனிதக் காதுமடல் போல அகன்ற இரண்டு இலையடிச் செதில்கள் இருக்கும். அவை உதிராமல் நிலைத்திருக்கும். தாவரவியலார் இதற்கு வைத்த பெயரில் உள்ள ஆரிகுலேட்டா என்ற சொல்லே ‘காதுடையது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான். சுரட்டென்சிஸில் அந்த இடத்தில் மெல்லிய ஊசி போன்ற ஒன்றே இருக்கும். மற்றோர் அடையாளமும் உண்டு: ஆவாரையில் ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் நடுவில் நிமிர்ந்த சிறு சுரப்பி ஒன்று தெரியும், சாலையோர மரத்தில் அடியிலுள்ள இரண்டு மூன்று இணைகளில் மட்டுமே அது இருக்கும். காயும் வேறு: ஆவாரைக் காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, விதைக்கு விதை நெளிந்து இருக்கும். தந்தையை அழைத்துக்கொண்டு போய்க் காதைக் காட்டுங்கள். வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பேயாவாரை என்றொரு களைச்செடி, நான்கைந்து இணைச் சிற்றிலைகளுடன், கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் நாற்றத்துடன், நம் காலி மனைகளிலும் வளர்கிறது. அதன் விதையைத் தின்ற குழந்தைகள் ஈரலும் தசையும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு இறந்த நிகழ்வுகளை உத்தரப் பிரதேசத்து மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரில் ஆவாரை என்று முடிவதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது.

கேள்வி: ஆவாரையா, ஆவிரையா? விதைப் பொட்டலத்தில் ‘காசியா’ என்றும், நூலகப் புத்தகத்தில் ‘சென்னா’ என்றும் இருக்கிறதே? (மாணவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: ஆவிரை பழைய வடிவம், குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது. காதல் கைகூடாமல் பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊர்த்தெருவுக்கு வரும் தலைவன் சூடும் பூக்களில் அதுவும் ஒன்று. பேச்சில் ஆவாரை ஆயிற்று, இரண்டும் சரியே.

அறிவியற்பெயரைப் பொறுத்தவரை, 1753இல் லின்னேயஸ் அதைக் காசியா என்ற பேரினத்தில் வைத்தார். அந்தப் பேரினம் பின்னர் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டதால், 1980களின் தொடக்கத்தில் இர்வின், பார்னெபி என்ற இரு தாவரவியலார் அதை மூன்றாகப் பிரித்தார்கள். சரக்கொன்றை காசியாவில் தங்கியது, ஆவாரை சென்னாவுக்குப் போயிற்று. விதை விற்பவர்கள் இன்னும் பழைய பெயரை விடவில்லை. செடி ஒன்றே.

கேள்வி: ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று படித்தேன். அப்படியானால் மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும் அல்லவா? என் கத்தரிச் செடிகளுக்கு நடுவில் நடலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: குடும்பம் சரி, முடிவு தவறு. அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. ஆனால் சென்னா பேரினத்துச் செடிகள் பொதுவாக வேர்முடிச்சு உண்டாக்குவதில்லை. ஆவாரையின் பூவும் அவரைப் பூப் போல வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்காது. ஐந்து இதழ்களும் விரிந்து கிடக்கும். காயைப் பார்த்தால்தான் உறவு தெரியும். இலையைப் பசுந்தாளாக வெட்டி மண்ணில் போடும் வழக்கம் தமிழகத்தில் உண்டு; அந்தப் பயன் வேறு. தினமும் நீர் கேட்கும் கத்தரிக்கு நடுவில் இதை நட்டால் இரண்டில் ஒன்று உங்களைச் சபிக்கும்.

கேள்வி: அடுத்த மாதம் திருச்சிக்குப் போகிறேன். பையில் நான்கு காய் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? (வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: இதற்கு உங்களுக்குப் பிடித்த பதிலை நான் சொல்ல முடியாது. 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டத்தின்படி, விதையானாலும் பதியனானாலும் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். காயோடு விதைவண்டும் அதன் முட்டையும் வருவது சாதாரணம் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை நான் வீண் கெடுபிடி என்று நினைக்கவில்லை. அதைவிட எளிய வழி, இங்கே ஏற்கெனவே ஆவாரை வளர்ப்பவர்களிடம் காய் கேட்பது. சுங்கை பூலோ நாற்றங்கால்களில் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை, இலைக்காம்பின் காதைப் பார்த்து வாங்கினால் சரி.

கேள்வி: எனக்கு இனிப்பு நீர் உண்டு. தினமும் மாத்திரை போடுகிறேன். ஆவாரம்பூ தேநீர் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று உறவினர் சொல்கிறார். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று பழமொழியே இருக்கிறதே? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நெடுநாள் வழக்கம். இலங்கையில் சிங்களவர்கள் ‘ரணவரா’ என்ற பெயரில் இதே பூவைத் தேநீராக அருந்துகிறார்கள். பூவின் சாற்றைக் கொடுத்தபோது ஆய்வுக்கூட எலிகளின் இரத்தச் சர்க்கரை இறங்கியது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் எலிக்குக் கொடுத்த சாற்றின் அளவும் நீங்கள் ஒரு குவளையில் போடும் பூவின் அளவும் ஒன்றல்ல. தேநீர் உண்மையாகவே சர்க்கரையை இறக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், மாத்திரையும் அதுவும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்தி மயக்கத்தில் விடக்கூடும். குடிக்க விரும்பினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு குடியுங்கள். மருத்துவர் சிரித்தால் சிரிக்கட்டும். பழமொழி எதுகையோடு நன்றாக அமைந்திருக்கிறது. அதற்காக அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: எங்கள் பதினான்காம் மாடி வீட்டின் முகப்பில் ஆவாரை நன்றாகப் பூக்கிறது. ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு விதை வேண்டுமே? (வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: பூக்கவே வைத்துவிட்டீர்கள் என்பதற்கு முதலில் என் பாராட்டு. காய் பிடிக்காததற்குக் காரணம், உங்கள் மாடிக்கு வர வேண்டிய விருந்தாளி வரவில்லை.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அது வண்டுக்குக் கொடுப்பது மகரந்தத்தை மட்டுமே. அதையும் எளிதில் கொடுக்காது. பத்து மகரந்தக் கேசரங்களில் மேலே உள்ள மூன்று மலடு. மற்றவற்றின் மகரந்தப்பை, மற்றப் பூக்களில் போல நெடுக வெடிக்காமல், உப்புப்புட்டி போல நுனியில் சிறு துளையோடு மூடியே இருக்கும். மரக்கட்டையைக் குடைந்து கூடு கட்டும் பெரிய கரிய வண்டைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது தேனீ இனம். அது பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை அடிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். அப்போது எழும் ஒலி, அது பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிடக் கூர்மையானது. அந்த அதிர்வில் துளை வழியாகத் தூள் பீய்ச்சிக்கொண்டு வெளியேறி அதன் உடம்பில் படியும். காலை எட்டு மணிக்குப் பூத்த ஆவாரையின் அருகில் அசையாமல் நின்றால் அந்த ஒலியைக் கேட்கலாம். எனக்கு அது பிடித்த ஒலிகளில் ஒன்று.

பதினான்காம் மாடியில் அந்த வண்டு வருமென்று நம்பிக் காத்திருக்க முடியாது. பேட்டரியில் ஓடும் பழைய பல்துலக்கி இருந்தால், அதன் பின்புறத்தைக் கேசரங்களின் மேல் மெல்லத் தொடுங்கள். கீழே ஒரு கறுப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் தூள் விழுவது தெரியும். அதை நுண்தூரிகையால் தொட்டு மற்றொரு பூவின் வளைந்த சூல்தண்டின் நுனியில் வையுங்கள். முடிந்தால் வேறு விதையிலிருந்து வளர்ந்த இரண்டாவது செடி ஒன்றும் வைத்துக்கொண்டு, ஒன்றின் தூளை மற்றதற்குக் கொடுப்பது நல்லது. மழை நாளில் இதைச் செய்து பயனில்லை, தூள் நனைந்து கட்டிவிடும்.

கேள்வி: பச்சைப் புழுக்கள் இலையை அரித்துவிட்டன. எந்த மருந்து அடிப்பது? (வாசகி, கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களாகவே இருக்கும், கொன்றை வகைகளே அவற்றின் தீனி. செடி ஆளுயரம் இருந்தால் விட்டுவிடுங்கள், புது இலை வந்துவிடும். ஒரு சாண் நாற்றாக இருந்தால் கையால் எடுத்து வேறு கொன்றைச் செடியில் விடுங்கள். மருந்து வேண்டாம், பூவைக் குடிக்கப் போகிறவர்களாயிற்றே.

கேள்வி: பொங்கலுக்குச் சரியாகப் பூக்க வைக்க முடியுமா? எங்கள் தாத்தா கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். வீட்டில் இன்னும் காப்புக் கட்டுகிறோம். (வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: பினாங்கில் இருப்பதால் உங்களுக்கு நல்வாய்ப்பு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உங்கள் ஊரில் மழை குறைவு. கோலாலம்பூரிலோ அக்டோபர், நவம்பர் மழை செடியை நனைத்தபடியே பொங்கல் மாதத்துக்குள் தள்ளிவிடும். ஆவாரை கிளையின் நுனியில் பூப்பது. ஆகவே கவாத்து செய்வதானால் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். அதன்பின் வரும் புதுக்கிளைகளின் நுனியைக் கிள்ளக் கூடாது. செப்டம்பர், அக்டோபர் மழையில் தொட்டியைக் கூரை விளிம்புக்குள் இழுத்துவிட்டு, நவம்பர் கடைசியில் ஒரு பிடி சாம்பலை மண்மேல் தூவுங்கள்; இலையுரம் எதுவும் அப்போது வேண்டாம். டிசம்பரில் இலை சற்றுத் துவளும்வரை காத்திருந்து, பிறகு ஒரு முறை நன்றாக நீர் விடுங்கள். மொட்டுக் கட்டத் தொடங்கிவிட்டால் மட்டும் மண்ணை முற்றிலும் காயவிடாதீர்கள், மொட்டு உதிரும்.

காப்புக்கட்டில் ஆவாரையோடு வேப்பிலையும் பூளைப்பூவும் சேர வேண்டும் அல்லவா? பூளையும் வறண்ட நிலத்துச் செடிதான். ஆனால் ஆவாரையைவிட எளிதில் வளரும். அதே மணல் கலவையில், வேறொரு சிறு தொட்டியில், ஆகஸ்டில் விதை தூவி வையுங்கள்.